வினைச்சொல் பாடத்தை ஏவலில் தொடங்குங்கள்: தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கான முழு வழிகாட்டி

"ஒரு செயலைக் குறிக்கும் சொல் வினைச்சொல்" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரே மூச்சில் ஒப்பிக்கும். அடுத்த நிமிடமே கரும்பலகையில் ஓட்டம், ஓடினான், வேகம் என்று மூன்று சொற்களை எழுதி, இதில் வினைச்சொல் எது என்று கேட்டுப் பாருங்கள். பாதி வகுப்பு "ஓட்டம்" என்று கத்தும். பிள்ளைகள் மேல் தப்பில்லை. ஓட்டமும் ஒரு செயல்தானே? நாம் கொடுத்த வரையறையை வைத்து அவர்கள் ஒழுங்காகத்தான் யோசித்திருக்கிறார்கள்.

அதே பிள்ளை இடைவேளையில் ஓடிவந்து, "டீச்சர், இவன் என் பென்சிலைப் புடுங்கிட்டான், கேட்டா தரமாட்டேங்கிறான்" என்று புகார் சொல்லும்போது காலம், இடம், பால், எதிர்மறை எதிலும் ஒரு பிசகு இருக்காது. வினைச்சொல் அதன் வாயில் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது. வகுப்பறையில் நமக்கு மிச்சம் இருப்பவை இரண்டே வேலைகள். வாயில் இருக்கும் சொல்லை எழுத்து நடைக்குக் கொண்டுவருவது ஒன்று. அந்த ஒற்றைச் சொல்லுக்குள் யார், எப்போது என்ற செய்திகள் ஒளிந்திருப்பதைக் கண்ணுக்குக் காட்டுவது இன்னொன்று. வரையறையைக் கடைசியில் பிள்ளைகளே சொல்லிக்கொள்வார்கள்.

இந்த வழிகாட்டி இரண்டாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை. ஒன்றாம் வகுப்புக்கு முதல் படி மட்டும் போதும்.

தொடங்கும் முன்: எந்தச் சொற்கள்?

செயல்பாட்டைவிடச் சொல் தேர்வுதான் முக்கியம். தோன்றிய வினைகளையெல்லாம் ஒரே நாளில் கலந்து கொடுத்தால், அவை இறந்தகாலத்தில் வெவ்வேறு விதமாக மாறுவதைப் பார்த்துப் பிள்ளை குழம்பும். பழைய இலக்கண நூலான நன்னூல் இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலைகளைச் (சொல்லின் நடுவில் நின்று காலம் காட்டும் உறுப்புகளை) சொல்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். ஆசிரியர் மனத்தில் இருந்தால் போதும், சொற்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்துவிடலாம்.

முதல் கட்டு: ஓடு, பாடு, ஆடு, பேசு, எழுது, தூங்கு, வாங்கு. எல்லாம் ஓடினான், பாடினான் என்று ஒரே சந்தத்தில் வரும்.

இரண்டாம் கட்டு: படி, குடி, சிரி, குதி, சமை, துவை. படித்தான், குடித்தான் வகை.

மூன்றாம் கட்டு: நட, பற, திற, விழு, உட்கார். நடந்தான், விழுந்தான்.

நான்காம் கட்டு: சாப்பிடு, போடு, கேள். சாப்பிட்டான், கேட்டான்.

ஐந்தாவதாக நில், தின், வில். நின்றான், தின்றான், விற்றான்.

வா, போ, தா, சொல் ஆகிய நான்கும் எந்தக் கட்டிலும் அடங்காத சொற்கள். ஆனால் தினமும் புழங்குபவை என்பதால் இவற்றைத் தனியாக, அடிக்கடி, போகிற போக்கில் பழக்கிவிடுங்கள்.

ஒரு வாரத்துக்கு ஒரு கட்டு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இந்தப் பிரிவு அவ்வளவு கட்டாயமில்லை. வீட்டில் இந்தியோ உருதோ தெலுங்கோ பேசும் பிள்ளைகள் இருந்தாலும், வெளிநாட்டு வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுத்தாலும் இதுதான் உயிர்நாடி. "பாடினான் என்றால் போடினான் என்று ஏன் வராது?" என்ற கேள்வி அங்கேதான் எழும். அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, போடு, சாப்பிடு இரண்டையும் வேறு வாரத்தில் வைத்துவிடுவது நல்லது.

பொருட்கள் என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. பழைய காலண்டர் அட்டைகள், ஸ்கெட்ச் பேனா, சாக்பீஸ், பிள்ளைகளின் சிலேட்டு. அட்டைகள் உள்ளங்கை அளவு இருக்கட்டும். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பிள்ளைகளே வரைந்த படம். கடையில் வாங்கும் படச் சார்ட் சுவரில் தொங்கும், அழகாக இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள்.

படி 1: உடம்பால் ஏவல்

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. வினையின் அடிச்சொல்லே கட்டளையாக நிற்கும். நட, படி, ஓடு என்றால் பகுதியும் அதுதான், ஏவலும் அதுதான். அதனால் எந்த இலக்கணமும் பேசாமல், கட்டளை விளையாட்டிலேயே அடிச்சொற்களை மனத்தில் நிறுத்திவிடலாம். கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்து மொழி கற்கும் முறையை 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் ஒரு கற்பித்தல் முறையாகவே வளர்த்தெடுத்தார். அவர் அதை இரண்டாம் மொழி கற்பவர்களுக்காகச் செய்தார். தாய்மொழி வகுப்பிலும் அது நன்றாகவே வேலை செய்யும்.

விளையாட்டின் பெயர் "ராஜா சொல்கிறார்". ஆசிரியர் "ராஜா சொல்கிறார், குதி" என்றால் குதிக்க வேண்டும். வெறுமனே "குதி" என்றால் அசையக் கூடாது. அசைந்தவர் உட்காரட்டும் என்று பலரும் வைப்பார்கள். நான் அதை வைப்பதில்லை. தடுமாறுகிற பிள்ளைக்குத்தான் பயிற்சி அதிகம் வேண்டும், அவரையே முதலில் வெளியே அனுப்பினால் எப்படி? தப்புச் செய்தவர் அடுத்த ராஜா. அவர் கட்டளை சொல்ல வேண்டும், அதற்கு ஒரு வினைச்சொல் அவர் வாயிலிருந்து வந்தாக வேண்டும்.

இரண்டு மூன்று சுற்று முடிந்ததும் பேச்சை நிறுத்துங்கள். இனி ராஜா பேச மாட்டார், அட்டையைத் தூக்கிக் காட்டுவார். படித்துப் பார்த்துச் செய்ய வேண்டும். இங்கேதான் எழுத்து நுழைகிறது. பேச்சில் நில்லு, உட்காரு, பாரு, கேளு, சொல்லு என்கிறோம். அட்டையில் நில், உட்கார், பார், கேள், சொல் என்று இருக்கும். "டீச்சர், உ விட்டுப்போச்சு" என்று ஒரு பிள்ளையாவது கண்டுபிடிக்கும். "எழுதும்போது அந்த உ வேண்டாம்" என்ற ஒரு வரி போதும்.

அப்புறம் தலைகீழாக்குங்கள். பிள்ளைகள் ஆசிரியருக்குக் கட்டளையிடட்டும். யாராவது "உட்கார்" என்பார்கள், வகுப்பே சிரிக்கும். டீச்சரிடம் அப்படிச் சொல்லலாமா? எப்படிச் சொல்ல வேண்டும்? "உட்காருங்கள்." நடங்கள், குதியுங்கள், சிரியுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். மரியாதைக்கு ஒரு விகுதி, அது சொல்லின் கடைசியில் வந்து ஒட்டுகிறது என்பதை அவர்கள் ஆசிரியரைக் குதிக்கவைத்தே கற்றுக்கொள்கிறார்கள். ஆசிரியரும் உண்மையிலேயே குதிக்க வேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

நாற்பது பேர் ஒரே அறையில் என்றால் நான்கு வரிசையாகப் பிரித்து ஒரு நேரத்தில் ஒரு வரிசை மட்டும் செய்யட்டும், மற்றவர்கள் தப்புக் கண்டுபிடிக்கட்டும். பக்கத்து வகுப்புக்குச் சத்தம் போகும். முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

படி 2: எது வினை, எது வினை இல்லை?

ஒரு பிள்ளை சத்தமில்லாமல் நடிக்கிறது. மற்றவர்கள் "என்ன செய்கிறாள்?" என்று கேட்டுப் பதில் சொல்கிறார்கள். பதில் முழுச் சொல்லாக வர வேண்டும். "துவை" என்றால் ஏற்காதீர்கள், "துவைக்கிறாள்". பல் தேய்ப்பது, கிணற்றில் தண்ணீர் இறைப்பது, பஸ்ஸில் நெரிசலில் நிற்பது, மாங்காய் கடித்து முகம் சுளிப்பது என்று எதையும் நடிக்கலாம். "அம்மா சமைக்கிறார், அப்பா பேப்பர் படிக்கிறார்" என்றே எல்லாம் வந்தால் அடுத்த சுற்றில் மாற்றிக் கொடுங்கள்.

இப்போது ஓட்டத்துக்கு வருவோம். பிள்ளைகளிடம் ஒரு சோதனையைக் கொடுங்கள். எந்தச் சொல்லையும் எடுத்து, அதற்கு முன்னால் நேற்று, நாளை இரண்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். சொல் மாறினால் வினை. நேற்று ஓடினான், நாளை ஓடுவான். மாறுகிறது. நேற்று ஓட்டம், நாளை ஓட்டம். மாறவில்லை. வேகம், அழகு, ஆட்டம், படிப்பு, தூக்கம் எல்லாவற்றையும் இப்படியே சல்லடையில் போடட்டும். செயலுக்குப் பெயராக நிற்கும் இத்தகைய சொல்லுக்குத் தொழிற்பெயர் என்று பெயர். அந்தப் பெயரை உச்சரிக்காமலேயே தொழிற்பெயரைப் பிரித்துவிடுவார்கள்.

பாடத்தில் வினைச்சொல்லுக்கு அடிக்கோடு போடும் பயிற்சியை இதற்கு அப்புறம் வையுங்கள். இதில் ஒரு குறுக்குவழி உண்டு, கெட்டிக்காரப் பிள்ளைகள் அதைச் சீக்கிரம் பிடித்துவிடும். தமிழில் வினை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும் என்பதால், படிக்காமலேயே கடைசிச் சொல்லுக்குக் கோடு போடுவார்கள். அதற்காகவே பத்து வாக்கியத்தில் இரண்டு மூன்று கண்ணிகளை வையுங்கள். "என் பெயர் கண்ணன்." "இது வேப்பமரம்." இவற்றில் வினைச்சொல்லே கிடையாது. "வந்தது மழை." இங்கே வினை முதலில் நிற்கிறது. கண்ணனுக்குக் கோடு போட்ட பிள்ளையிடம், "நேற்று கண்ணன், நாளை கண்ணன்" என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கே சிரிப்பு வந்துவிடும்.

படி 3: சொல்லின் வால்

பிள்ளைகளிடம் விகுதி என்று சொல்ல வேண்டாம், வால் என்றே சொல்லலாம். ஓடினேன், ஓடினோம், ஓடினாய், ஓடினீர்கள், ஓடினான், ஓடினாள், ஓடினார், ஓடினார்கள், ஓடியது, ஓடின. வாலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

துப்பறியும் ஆட்டம் ஒன்று. ஒரு துண்டுச்சீட்டில் வினைச்சொல் மட்டும் இருக்கும், எழுவாய் இருக்காது. "சிரித்தாள்." "மேய்ந்தன." "விழுந்தேன்." "தின்றது." கரும்பலகையில் படங்கள் ஒட்டியிருக்கும்: ஒரு சிறுமி, நான்கு ஆடுகள், ஒரு பூனை, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி (அது "நான்"). சீட்டைப் படித்து உரிய படத்தின் கீழ் ஒட்ட வேண்டும். ஏன் அங்கே ஒட்டினாய் என்று கட்டாயம் கேளுங்கள். "ஆள்னு முடியுது டீச்சர்" என்ற பதில் வந்துவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது.

இங்கே ஒரு சங்கடம் வரும், அதை முன்பே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது. "பாட்டி வந்துச்சு" என்று பாசமாகச் சொல்லும் வீடுகள் பல. "அம்மா வந்தா" என்பவர்களும் உண்டு, "அம்மா வந்தாங்க" என்பவர்களும் உண்டு. எதையும் தப்பு என்று சொல்லாதீர்கள். அது அந்த வீட்டின் பேச்சு. நோட்டில் எழுதும்போது பெரியவர்களுக்கு "ஆர்" போடுகிறோம், அவ்வளவுதான். வீட்டுப் பேச்சைத் தப்பு என்று கேட்ட பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்க யோசிக்கும். பேசாத பிள்ளைக்கு வினைச்சொல் கற்பிப்பது பெரும்பாடு.

உயர்திணை வால்கள் சீக்கிரம் பிடிபட்டுவிடும். சிக்கல் அஃறிணைப் பன்மையில்தான். "மாடுகள் மேய்ந்தது", "இலைகள் உதிர்கிறது" என்று பிள்ளைகள் எழுதுவார்கள். பேச்சில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வினைதான் வருகிறது, "மாடு மேய்ஞ்சுது", "மாடுங்க மேய்ஞ்சுது". அதனால் அவர்கள் காதில் வித்தியாசம் விழுந்ததே இல்லை. பெரியவர்கள் எழுத்திலும் இந்தப் பிழை தாராளமாகக் கிடைக்கும். எனவே இதற்குத் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்குங்கள், முடிந்தால் வகுப்பறைக்கு வெளியே.

மரத்தடிக்குப் போங்கள். பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஓர் அணி "ஒன்று", மற்றது "பல". கண்ணில் படுகிற எதையாவது ஒன்று அணி சொல்லும்: "காகம் கரைகிறது." பல அணி உடனே திருப்ப வேண்டும்: "காகங்கள் கரைகின்றன." எறும்பு ஊர்கிறது, எறும்புகள் ஊர்கின்றன. இலை அசைகிறது, இலைகள் அசைகின்றன. நிகழ்காலப் பன்மையில் "கிறன" என்று வராது, "கின்றன" என்றுதான் வரும் என்பதைக் காது பழகும்வரை செய்யுங்கள். அடுத்த சுற்று இறந்தகாலம்: கரைந்தது, கரைந்தன. அடுத்து எதிர்காலம். இங்கே ஒன்று அணி "காகம் கரையும்" என்றதும் பல அணி திணறும். "காகங்கள் கரையும்"தான். எதிர்காலத்தில் மட்டும் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் ஒரே சொல். திணறட்டும், சண்டை போடட்டும், அப்புறம் சொல்லுங்கள்.

படி 4: பாண்டிக் கட்டத்தில் காலம்

காலத்தைக் கற்பிக்க எனக்குத் தெரிந்து பாண்டியைவிட, அதாவது தரையில் கட்டம் போட்டு நொண்டியடிக்கும் ஆட்டத்தைவிட, சிறந்த கருவி இல்லை. ஊருக்கு ஊர் பெயர் மாறும், கட்டமும் கொஞ்சம் மாறும். நமக்குத் தேவை எட்டுக் கட்டம், ஒரு சில்லு.

எட்டுக் கட்டங்களிலும் சாக்பீஸால் எழுதுங்கள்: நான், நீ, அவன், அவள், அவர், அவர்கள், அது, அவை. கட்டத்துக்கு வெளியே மூன்று அட்டைகள்: நேற்று, இன்று, நாளை. ஆடும் பிள்ளை முதலில் ஒரு வினை அட்டையும் ஒரு கால அட்டையும் எடுக்கும். "படி", "நாளை" என்று வந்தது என்று வையுங்கள். சில்லை எறிகிறது, அது "அவள்" கட்டத்தில் விழுகிறது. நொண்டியடித்துப் போய்ச் சில்லை எடுத்து, ஒற்றைக்காலில் நின்றபடியே "நாளை அவள் படிப்பாள்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். சரியாகச் சொன்னால் கட்டம் அந்த அணிக்கு. தப்பினால் அடுத்த அணி.

முதல் நாள் ஒரே காலத்தை மட்டும் வையுங்கள், நேற்று மட்டும். மறுநாள் இன்று. மூன்று காலத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் விளையாட்டு நகராது, வரிசையில் நிற்பவர்கள் அடித்துக்கொள்வார்கள். வரிசையில் நிற்பவர்கள் சும்மா நிற்காமல், கட்டத்தில் சொல்லப்பட்ட வாக்கியத்தைச் சிலேட்டில் எழுதிக் காட்டட்டும். நொண்ட முடியாத பிள்ளை இருந்தால், அதே கட்டத்தைப் பெரிய அட்டையில் வரைந்து, மேஜைமேல் புளியங்கொட்டையால் விளையாடலாம். அந்தப் பிள்ளைக்கு மட்டுமில்லாமல் ஓர் அணி முழுவதுமே அன்று மேஜையில் ஆடும்படி வைத்தால் தனியாகத் தெரியாது.

நிகழ்காலத்திலிருந்து எதிர்காலத்துக்குப் போக ஒரு நல்ல வாய்பாடு உண்டு. பிள்ளைகளையே கண்டுபிடிக்க வையுங்கள். கரும்பலகையில் இரண்டு வரிசை:

ஓடுகிறான், ஓடுவான், பேசுகிறான், பேசுவான், விழுகிறான், விழுவான்.

படிக்கிறான், படிப்பான், நடக்கிறான், நடப்பான், சமைக்கிறான், சமைப்பான்.

"க்கிறான்" இருந்தால் "ப்பான்", வெறும் "கிறான்" என்றால் "வான்". நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்ததும் அடைகிற பெருமிதம் பார்க்க வேண்டியது. கேட்கிறான், நிற்கிறான் போன்றவையும் கேட்பான், நிற்பான் என்று "பான்" பக்கமே சேரும். தின், உண் இரண்டும் தின்கிறான், தின்பான், உண்கிறான், உண்பான் என்று விதியை மீறும். அவற்றை நீங்களாகக் கொண்டுவர வேண்டாம். யாராவது கேட்டால் பாராட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

படி 5: மாற்றுக் கடை

உண்மையில் பிழை அதிகம் விழும் இடம் இதுதான். பேசுவதை அப்படியே எழுதிவிடுவது. "படிச்சான்", "உடைஞ்சுது", "போறாங்க".

வகுப்பில் ஒரு மேஜையைக் கடையாக்குங்கள். இரண்டு பிள்ளைகள் கடைக்காரர்கள். மற்றவர்கள் வீட்டில் காதில் விழுந்த ஒரு வினைச்சொல்லைக் கேட்டபடியே துண்டுச்சீட்டில் எழுதிக் கொண்டுவர வேண்டும். கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு எழுத்து நடைச் சொல்லை எழுதித் தருவார். "வர்றான்" கொடுத்தால் "வருகிறான்". "நின்னுச்சு" கொடுத்தால் "நின்றது". "சமைச்சாங்க" கொடுத்தால், ஒருவரா பலரா என்று கடைக்காரர் விசாரித்து "சமைத்தார்" அல்லது "சமைத்தார்கள்" தர வேண்டும். இந்த விசாரணைதான் விளையாட்டின் சுவை. வார இறுதியில் சீட்டுகளையெல்லாம் பரப்பி வைத்து, ஒரே மாதிரி மாறியவற்றைக் கூட்டம் சேர்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு கூட்டம் பெரிதாக இருக்கும். படிச்சான், குடிச்சான், சிரிச்சான், துவைச்சான் ஒன்று: "ச்ச" எழுத்தில் "த்த" ஆகிறது. உடைஞ்சுது, மேய்ஞ்சுது, தெரிஞ்சுது, ஒளிஞ்சான் இன்னொன்று: "ஞ்ச" எழுத்தில் "ந்த" ஆகிறது. உடைந்தது, மேய்ந்தது, தெரிந்தது, ஒளிந்தான்.

விதி கிடைத்த உற்சாகத்தில் சில பிள்ளைகள் எல்லாவற்றையும் மாற்றத் தொடங்குவார்கள். "கெஞ்சினான்" என்பதைக்கூடக் "கெந்தினான்" ஆக்கிவிடும் ஆர்வக்கோளாறு வரலாம். அதற்கு மருந்து முதல் படியிலேயே இருக்கிறது. கட்டளையாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். "கெஞ்சு", "கொஞ்சு" என்று கட்டளையிலேயே "ஞ்ச" இருந்தால் அது அந்தச் சொல்லுக்குச் சொந்தம், தொடக் கூடாது. "உடை", "மேய்" என்ற கட்டளைகளில் "ஞ்ச" இல்லை, அதனால் மாற்றலாம்.

படி 6: தொடர்வண்டிக் கதை

எச்சத்துக்கு, அதாவது முடியாமல் நிற்கும் வினைக்கு, வந்துவிட்டோம். நான்காம் வகுப்புக்குக் கீழே இது வேண்டாம். பிள்ளைகள் வரிசையாக முன்னால் நிற்பவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முதல் பிள்ளை "முருகன் எழுந்து" என்கிறது. அடுத்தது "பல் தேய்த்து". அடுத்தது "குளித்து". அடுத்தது "சாப்பிட்டு". யாரும் முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது. கடைசிப் பிள்ளைதான் "பள்ளிக்கு வந்தான்" என்று வண்டியை நிறுத்தும்.

பிறகு கடைசிப் பிள்ளையை மட்டும் மாற்றுங்கள். "பள்ளிக்கு வருவான்." நடுவில் நிற்பவர்கள் யாராவது தங்கள் சொல்லை மாற்ற வேண்டியிருந்ததா? இல்லை. "முருகன்" போய் "வள்ளி" வந்தால்? கடைசிப் பெட்டி மட்டும் "வருவாள்" ஆகிறது. காலமும் வாலும் கடைசி வினையிடம் மட்டுமே இருக்கின்றன, நடுவில் உள்ளவை முடியாமல் காத்திருக்கின்றன. முற்று, எச்சம் என்ற பெயர்களை அந்த இடத்தில் அறிமுகப்படுத்தினால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

"குளித்துச் சாப்பிட்டுப் பள்ளிக்கு" என்று ஒற்று மிகுவதைக் கரும்பலகையில் நீங்கள் சரியாக எழுதினால் போதும். அந்த விதியை இந்த வயதில் இழுக்க வேண்டாம்.

எதிர்மறைக்கு ஐந்து நிமிட நாடகம்: அடம்பிடிக்கும் தம்பி. அக்கா எதைச் சொன்னாலும் அவன் மறுப்பான். "சாப்பிட மாட்டேன்", "குளிக்க மாட்டேன்". மறுநாள் அக்கா அம்மாவிடம் புகார் சொல்வாள்: "சாப்பிடவில்லை, குளிக்கவில்லை." நானோ நீயோ அவனோ அவையோ, "வில்லை" மாறுவதே இல்லை என்பதைக் கவனிக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஐந்தாம் வகுப்புக்கு: ஆறு கேள்வி

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், வினைச்சொல் ஆறு செய்திகளைத் தரும் என்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். இலக்கண வகுப்பில் இதை மனப்பாடம் செய்யவைப்பார்கள். இதை விளையாட்டாக மாற்ற ஒன்றுமே கூட்ட வேண்டியதில்லை.

ஆறு பிள்ளைகளுக்கு ஆறு அட்டை. ஆசிரியர் ஒற்றை வினைச்சொல்லைப் பலகையில் எழுதுகிறார்: "சுட்டார்." செய்பவர் அட்டை வைத்திருப்பவர் "பாட்டி" என்கிறார். கருவி: தோசைக்கல். நிலம்: அடுப்பங்கரை. செயல்: சுடுதல். காலம்: நேற்று. செய்பொருள்: தோசை. ஆறையும் சேர்த்து வகுப்பு ஒரு வாக்கியம் எழுதுகிறது: "நேற்று அடுப்பங்கரையில் பாட்டி தோசைக்கல்லில் தோசை சுட்டார்." ஒற்றைச் சொல்லிலிருந்து ஒரு முழு வாக்கியம் விரிவதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். கட்டுரை எழுதவும் இது கைகொடுக்கும், "பாட்டி தோசை சுட்டார்" என்று மூன்று சொல்லோடு நிறுத்துகிற பிள்ளைக்கு மிச்சக் கேள்விகள் நினைவுக்கு வரும்.

உழுதார், தைத்தார், வெட்டினார், வரைந்தாள் என்று சிலவற்றைச் செய்துவிட்டு, திடீரென்று "தூங்கினான்" கொடுங்கள். செய்பொருள் அட்டைக்காரர் விழிப்பார். எதைத் தூங்கினான்? சிரிப்பு அடங்கியதும் சிரித்தான், விழுந்தான், நின்றான் என்று "எதை" என்ற கேள்விக்குப் பதில் இல்லாதவற்றை அவர்களே தேடட்டும். செயப்படுபொருள் குன்றிய வினை என்ற நீளமான பெயரை அப்போது சொன்னால் பயமிருக்காது.

தானே செய்வது தன்வினை, பிறரையோ பிறிதையோ செய்யவைப்பது பிறவினை. இதற்கு ஒரு பந்து போதும். பந்து உருண்டது. பந்தை உருட்டினான். பிள்ளை உண்டது. அம்மா ஊட்டினார். நடந்தான், நடத்தினான்.

ஒரு பாடவேளையை எப்படிப் பிரிப்பது?

நாற்பது நிமிடம் என்றால் விளையாட்டுக்குப் பதினைந்து, பலகைக்குப் பத்து, நோட்டுக்குப் பதினைந்து. விளையாட்டு நன்றாகப் போகிறதே என்று நோட்டு நேரத்தை விழுங்கவிடாதீர்கள். ஆடியதை அன்றே எழுதாவிட்டால் மறுநாள் ஆட்டம்தான் நினைவிருக்கும், சொல் நினைவிருக்காது. எழுதுவதும் பெரிதாக வேண்டாம். தினமும் மூன்றே வாக்கியம்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்கிறேன், நாளை என்ன செய்வேன். இரண்டாம் வகுப்பு முதலே தொடங்கலாம். "நேற்று நான் ஐஸ் சாப்பிட்டேன்" என்று மாதம் முழுவதும் அதையே எழுதும் பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் இருக்கும். நாளைக்கு அதே சொல் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டுவிடுங்கள்.

எந்த வகுப்பில் எதுவரை என்பதற்கு என் கணக்கு இது. இரண்டாம் வகுப்பில் ஏவலும், அவன் அவள் அது என்ற மூன்று வால்களும் போதும். மூன்றாம் வகுப்பில் மூன்று காலமும் எல்லா உயர்திணை வால்களும், கூடவே மாற்றுக் கடையும். அஃறிணைப் பன்மை, எச்சம், எதிர்மறை நான்காம் வகுப்பில். இலக்கணப் பெயர்கள், ஆறு கேள்வி, பிறவினை ஐந்தாம் வகுப்பில். பல வகுப்புகள் ஒரே அறையில் உட்காரும் பள்ளியில் இந்தப் பிரிவு இன்னும் வசதி. ஒரே பாண்டிக் கட்டத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு "நேற்று" மட்டும், நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்று காலமும் என்று வைத்துவிடலாம்.

மதிப்பீட்டுக்கு "வினைச்சொல் என்றால் என்ன?" என்ற கேள்வியை வைக்காதீர்கள். ஒரு சந்தைப் படத்தையோ வயல் படத்தையோ காட்டி, அதில் நடப்பதை ஐந்து வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். படத்தில் ஒரு மனிதர், பலர், ஒரு விலங்கு, பல விலங்குகள் எல்லாம் இருக்கட்டும். அந்த ஐந்து வாக்கியத்திலேயே அடிச்சொல், காலம், வால் மூன்றும் தெரிந்துவிடும்.

திருத்தும்போது எல்லாவற்றுக்கும் சிவப்பு மை வேண்டாம். ஒரு வாரம் வாலை மட்டும் திருத்துங்கள், அடுத்த வாரம் காலத்தை மட்டும். "ஆடுகள் மேய்ந்தது" என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு "மேய்ந்தன" என்று நீங்களே எழுதிக் கொடுக்காமல், "கள்" மேல் ஒரு சின்ன வட்டம் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். வட்டம் என்றால் வாலைப் பார் என்று முன்பே பேசி வைத்துக்கொண்டால், பிள்ளையே அழித்து எழுதிக்கொண்டு வந்து காட்டும்.